பெரிய பிட் போட்டு லேத்தில் குடைவது: சிமிழும் மரவையும்

கட்டில் காலுக்கும் பூரிக்கட்டைக்கும் உளி மட்டும் போதும். குங்குமச் சிமிழ், உப்பு மரவை, பேனாக் குவளை என்று உள்ளே வெற்றிடம் வேண்டிய சாமான் வந்துவிட்டால் உளிக்கு முன்னால் துளை போடுகிற பிட் இறங்கியாக வேண்டும். காரணம் எளிது. மரம் கடைகிற லேத்தில் சுற்றுகிற கட்டையின் விளிம்பு வேகமாக ஓடும். உள்ளே போகப் போக வேகம் குறையும், நட்ட நடுவில் ஓட்டமே இருக்காது. அந்த இடத்தில் உளி வெட்டாது, நாரை நசுக்கும். உளி முனை துள்ளுவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்த நடுப்பகுதியைப் பிட் எடுத்துவிட்டால் உளிக்கு இறங்க ஒரு பாதை கிடைக்கும், ஆழமும் அப்போதே முடிவாகிவிடும்.

பாதைக்கு வேண்டிய அகலம் போதும் என்பதுதான் என் கட்சி. மதுரையில் என் பட்டறைக்குப் பழக வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணே, 75 மி.மீ. பிட்டே போட்டா உளி வேலையே இல்லையே?" என்பதுதான். போடலாம். ஆனால் பிட்டின் அகலம் கூடக் கூட மோட்டாரின் திணறலும் சூடும் கட்டையை உலுக்கும் விசையும் கூடும். நேராக நிற்கும் சுவர், தட்டையான அடி, சொன்ன அளவு ஆகிய மூன்றும் வேண்டிய இடத்தில் பெரிய பிட்டையே முழு வேலையும் செய்யவிடுவேன். வயிறு அகன்ற பாத்திரம் என்றால் 50-க்கு மேல் போக மாட்டேன், மீதியை உளி பார்த்துக்கொள்ளும்.

முதலில் பிட். மாடுலர் கிச்சன் வேலை பார்க்கிற ஆசாரிகள் எல்லோரிடமும் 35 மி.மீ. பிட் ஒன்று இருக்கும், ஆட்டோ ஹிஞ்ச் உட்காரக் குழி போடுவதற்கு. அந்த இனத்துக்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் என்று பெயர். அமெரிக்காவில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை வாங்கியது. மற்ற பிட்டுகள் நடு முனையை நம்பிப் போகும். இது வட்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும். அதனால்தான் அடி தட்டையாக வருகிறது, சுவர் வழவழப்பாக நிற்கிறது. விளிம்பு மொழுமொழுவென்று இருக்கிற ரகம் பலகையின் முகத்தில் நன்றாகப் போகும். நாம் லேத்தில் துளைப்பதோ பெரும்பாலும் கட்டையின் தலைப்பக்கம், நார் நுனி நம்மைப் பார்த்து நிற்கிற பக்கம். அங்கே மொழு விளிம்பு தேய்ந்து தேய்ந்து கருகும். விளிம்பைச் சுற்றி ரம்பப் பல் வெட்டிய ரகம்தான் நமக்கு. 40-க்கு மேல் வாங்கினால் பல் வைத்ததைத்தான் வாங்குங்கள்.

தகடு மாதிரி தட்டையாக இருக்கிற பட்டை பிட்டை ஆழத் துளைக்கு வைக்காதீர்கள், நார் போகிற போக்கில் அதுவும் போகும். முனையில் திருகு உள்ள ஆகர் பிட் அதைவிட மோசம். கையால் கதவுச் சட்டத்தில் துளைக்கிறபோது அந்தத் திருகு உதவி. லேத்தில் அது தன் இஷ்டத்துக்குக் கட்டைக்குள் ஏறி, லேத்தின் வலது முனையில் நகர்த்தி வைக்கிற டெயில்ஸ்டாக்கிலிருந்து, பிட்டைப் பிடித்திருக்கிற ட்ரில் சக் மொத்தத்தையும் உருவிக்கொண்டு போகும். நீளத் துளைக்கு அதுதான் வேண்டும் என்றால் திருகின் மரையை அரத்தால் ராவி மொட்டை முனையாக்கிவிட்டுப் போடுங்கள்.

மரம் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழகுவதற்குப் பூவரசை விட நல்ல கட்டை எனக்குத் தெரியாது. உள்மரமான வைரம் செம்பழுப்பாக, நார் நெருக்கமாக இருக்கும், பிட்டோடு சண்டை போடாது. வாகை அழகு, ஆனால் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வேம்பின் தூள் தொண்டையில் கசக்கும். புளி நன்றாகக் காய்ந்துவிட்டால் பிட்டின் கூரை வெகு சீக்கிரம் தின்றுவிடும். மதுரையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நிற்கிற சீமைக்கருவேலத்தை எல்லோரும் விறகாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. காயும்போது அது மிகக் கொஞ்சமே சுருங்கும். மூடி போட்ட சாமானுக்கு அந்தக் குணம் பொன். விறகுக் கடையில் எடை போட்டுத் தருகிற குவியலில் நேராக, கையகலத்துக்கு ஒரு கட்டை கிடைத்தால் விடாதீர்கள். சிமிழ் அளவுக்குத் தாராளமாக வரும். பெரிய கட்டை வேண்டுமென்றால் வாள்பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேளுங்கள்.

எந்த மரமானாலும் அதன் நட்ட நடுவில் மெத்தென்று ஓடுகிற நடுச்சோறு கட்டைக்குள் இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். முழு உருட்டுக் கட்டையைக் கடைந்தால் சோறு துளைக்குள் போய்விடுகிற மாதிரி நடுவைக் குறியுங்கள். அடியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

இனி கட்டையைப் பிடிப்பது. லேத்தின் இரண்டு பக்கக் கூர் முனைகளான சென்டர்களுக்கு நடுவில் போட்டு முதலில் உருளையாக்கி, ஒரு முனையில், கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கிற சக்குக்கு ஏற்ற முளை கடையுங்கள். முளையின் நீளம் சக் தாடையின் ஆழத்தை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டையின் தோள் தாடை முகத்தில் அழுந்தி உட்காரும். முளை நீண்டு அடியில் முட்டிக்கொண்டு, தோள் உட்காராமல் நின்றால் பிட் தொட்டவுடன் கட்டை ஆடும். சக்குக்குப் பதில், கட்டையைத் திருகாணியால் மாட்டுகிற தட்டான ஃபேஸ் பிளேட் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தலைப்பக்கத்தில் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு, நீளமான ஆணியாகப் போடுங்கள். கட்டையின் நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் சக்கின் பிடி மட்டும் போதாது. நடுவில் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் வேண்டும்.

அடுத்து இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது. கட்டையைச் சுற்றுகிற பக்கமான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு சென்டர் மாட்டி, முனைகளைக் கிட்டத்தட்ட முட்டுகிற வரை கொண்டுவாருங்கள். நடுவில் ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து மெல்ல இறுக்குங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. முன்னாலோ பின்னாலோ தலைசாய்த்தால் அந்த அளவுக்கு டெயில்ஸ்டாக் விலகியிருக்கிறது. அரை மி.மீ. விலகினாலும் 35 பிட் 36 துளை போடும், வாய் அகன்று கூம்பாக வரும். இதைச் சரிசெய்யாமல் பிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெயில்ஸ்டாக்கில் மாட்டுகிற ட்ரில் சக் பெரும்பாலான மர லேத்துகளில் நம்பர் 2 மோர்ஸ் டேப்பர், அதாவது 20-க்கு 1 என்ற சரிவில் ஒரு கூம்பு. மரையும் பூட்டும் எதுவும் கிடையாது. உராய்வுதான் பிடிக்கிறது. கூம்பிலும் அது உட்காரும் குழியிலும் எண்ணெயோ தூளோ இருந்தால் பிடிக்காது, காய்ந்த துணியால் இரண்டையும் துடைத்துவிட்டு ஒரே குத்தாகச் செருகுங்கள். சக் சாவியை ஒரு ஓட்டையில் மட்டும் இறுக்கி விடாமல் மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். 50 மி.மீ. பிட்டின் தண்டு வழுக்கி ஒரு சுற்று சுற்றினாலே தாடைத் தடம் தண்டில் விழும். அதற்குப் பிறகு அந்தப் பிட் நேராகவே நிற்காது.

வேகம். பெரிய பிட்டைக் கெடுப்பதும் கட்டையைக் கருக்குவதும் நூற்றுக்குத் தொண்ணூறு இதனால்தான். நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: 17,500-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுத்தால் ஆர்பிஎம். 25 பிட்டுக்கு 700, 35-க்கு 500, 50-க்கு 350, 75-க்கு 230 சொச்சம். இப்படி வைத்தால் எந்தப் பிட்டானாலும் விளிம்பு நிமிஷத்துக்கு 55 மீட்டர் அளவில்தான் ஓடும். கட்டை கடினமானால் இதிலும் கொஞ்சம் குறையுங்கள். பழைய பட்டறை லேத்துகளில் இவ்வளவு தாழ்ந்த வேகமே இருக்காது. சிங்கிள் பேஸ் மோட்டார் பெரும்பாலும் 1440 சுற்றும். மோட்டாரில் 3 அங்குல புல்லியும் லேத்தில் 9 அங்குலமும் போட்டால் 480. லேத் பக்கம் 12 அங்குலம் போட்டால் 360. மோட்டாரில் 2, லேத்தில் 12 என்றால் 240. இந்த மூன்று ஜோடி இருந்தால் சிமிழிலிருந்து பெரிய மரவை வரை முடித்துவிடலாம். 2 அங்குல புல்லியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற இடம் குறைவு, அதனால் பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாக வைக்க வேண்டும்.

மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தாலேயே மாற்றுகிற டிரைவ் போட்டு, குமிழைத் திருப்பி வேகத்தைக் குறைக்கலாமே என்று கேட்பார்கள். சிறு பிட்டுக்குப் பரவாயில்லை. டிரைவில் சுற்றைக் குறைக்கும்போது மோட்டாரின் முறுக்கு விசை கூடுவதில்லை, சக்திதான் அதே விகிதத்தில் குறைகிறது. புல்லியில் குறைத்தால் முறுக்கு அதே மடங்கு கூடும். 75 பிட்டுக்கு வேண்டியது முறுக்குதான். டிரைவ் இருக்கிறவர்களும் பெரிய பிட்டுக்குப் பெல்ட்டைத் தாழ்ந்த புல்லிக்கு மாற்றிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

லேத்தை ஓட்டுவதற்கு முன் தோளில் துண்டு இருக்கக் கூடாது, வேட்டி நுனி தொங்கக் கூடாது, முழுக்கைச் சட்டையின் கை சுருட்டியிருக்க வேண்டும். கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தால் கழற்றுங்கள். கழற்ற மனசில்லை என்றால் ரப்பர் பேண்டுக்குள் நுழைத்து மூடுங்கள். கையுறை வேண்டவே வேண்டாம். சுற்றுகிற சக் துணியைப் பிடித்தால் கையைச் சேர்த்து இழுக்கும். முகக் கவசமும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம்.

இப்போது துளை. கட்டையின் முகத்தை உளியால் தட்டையாகச் சீவுங்கள். நடுவில் உளி முனையால் ஒரு சின்னப் பள்ளம் போடுங்கள், மிளகு உட்காருகிற அளவு போதும். டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, பிட் முனை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தபின் லேத்தின் அடித்தளமான பெட்டோடு இறுக்கிப் பூட்டுங்கள். லேத்தை ஓட்டி, கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். விளிம்பு முழுவதும் கட்டையில் படுகிற வரை அவசரமே கூடாது, ஒரு பக்கம் மட்டும் படுகிற அந்த முதல் அரை மி.மீட்டரில்தான் பிட் உதறும். முழு வட்டமும் பட்டவுடன் சத்தம் மாறும். கடகடவென்று இருந்தது ஒரே சீரான இரைச்சலாகும். இனி தைரியமாக அழுத்தலாம், அழுத்தவும் வேண்டும். மிக மெதுவாக விட்டால் பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடுதான் மிச்சம். விழுகிறதைப் பாருங்கள்: தலைப்பக்கத்தில் சுருள் சீவல் வராது, உடைந்த சில்லாக வரும். சில்லாக வந்தால் நல்ல வேகம், நல்ல அழுத்தம். மாவாக வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது அல்லது நீங்கள் பயந்து திருப்புகிறீர்கள்.

பிட்டின் தலை கட்டைக்குள் மறைந்த பிறகுதான் உண்மையான வேலை. ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் தூள் வெளியேற முறுக்கு வாய்க்கால் கிடையாது. தலை அகலம், தண்டு ஒல்லி. வெட்டிய சில்லெல்லாம் தலைக்குப் பின்னால் தண்டைச் சுற்றிச் சேரும். அதைக் கவனிக்காமல் இறக்கிக்கொண்டே போனால் தூள் கெட்டித்து, பிட் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. 10 மி.மீ. இறங்கியதும் பின்னுக்கு எடுங்கள், தூளைத் தள்ளுங்கள், மறுபடி இறங்குங்கள். ஆழம் கூடினால் 5 மி.மீட்டருக்கு ஒரு தடவை.

பின்னுக்கு எடுக்கும்போது இடது கை, சுற்றாமல் நிற்கிற ட்ரில் சக்கின் உடம்பை இறுகப் பிடித்திருக்க வேண்டும். முன்னுக்கு அழுத்தும்போது கூம்பு இறுகுகிறது, பின்னுக்கு இழுக்கும்போது அதே கூம்பு கழன்றுகொள்ளத் தயாராக இருக்கிறது. கழன்றுவிட்டால் கட்டையோடு சேர்ந்து ட்ரில் சக்கும் சுற்றும். பிறகு கையை வைத்து நிறுத்தப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம், சுவிட்சைத்தான் தட்ட வேண்டும். எனவே கைச்சக்கரத்தைப் பின்னால் திருப்பத் தொடங்குவதற்கு முன்பே கை ட்ரில் சக்கில் இருக்க வேண்டும். லேத் தாழ்ந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, கைச்சக்கரத்தால்தான் எடுக்க வேண்டும். ஓடும்போது டெயில்ஸ்டாக்கின் பூட்டைத் தளர்த்தி அப்படியே இழுக்கிற பழக்கத்தை எவரிடம் பார்த்தாலும் கற்றுக்கொள்ளாதீர்கள். கைச்சக்கரத்தின் ஓட்டம் தீர்ந்து இன்னும் ஆழம் வேண்டுமென்றால் பிட்டைப் பின்னுக்கு எடுங்கள், லேத்தை நிறுத்துங்கள், கைச்சக்கரம் தள்ளுகிற குழலான குவில்லை உள்ளே இழுத்துவிட்டு டெயில்ஸ்டாக்கை முன்னுக்குத் தள்ளிப் பூட்டுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

புகை வாடை வந்தால் நிறுத்துங்கள். பிட்டைத் தொட முடியாத சூடு இருந்தால் ஆறட்டும். தண்ணீரில் முக்காதீர்கள், கூரில் மயிரிழை விரிசல் விழும். சாதாரண கார்பன் ஸ்டீல் பிட்டின் பல் நீலமாகிவிட்டால் அது 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்தப் பல்லின் பதம் போய்விட்டது. ஹைஸ்பீடு ஸ்டீல் 600 டிகிரி வரை பதம் விடாது. அந்த வித்தியாசத்துக்குத்தான் அந்த விலை. விளிம்பின் வெளிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஒரு சுற்று தேய்த்துவிட்டு இறக்கினால் உராய்வு நன்றாகக் குறையும். சூடு பிட்டுக்கு மட்டும் கெடுதல் இல்லை. அரைகுறையாகக் காய்ந்த கட்டையின் உள்சுவர் திடீரென்று காய்ந்து சுருங்கும், வெளிச்சுவர் ஈரமாகவே இருக்கும். மறுநாள் காலையில் வெடிப்பு தெரியும்.

ஒரு சிமிழ் செய்து பார்ப்போம். மதுரைக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகிற தாழம்பூ குங்குமம் பொட்டலத்திலேயே கிடந்து கொட்டிப் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கடையத் தொடங்கிய அளவு இது. 55 மி.மீ. உருளை, 90 நீளம், இரண்டு முனையிலும் முளை. மேல் மூன்றில் ஒரு பங்கை அறுத்தெடுத்தால் அது மூடி. அப்படிச் செய்தால் மூடியின் ரேகையும் அடியின் ரேகையும் ஒன்றாக ஓடும். முதலில் மூடியைச் சக்கில் பிடித்து 40 பிட்டை 8 மி.மீ. இறக்குங்கள். அதற்குள்ளேயே 25 பிட்டை இன்னொரு 6 மி.மீ. இறக்கினால் மூடி எடை குறையும். பெரியது முதலில், சின்னது பிறகு. சின்னத் துளையை முதலில் போட்டுவிட்டால் பெரிய பிட்டின் நடு முனைக்கு உட்கார மரமே இருக்காது. படிப்படியான துளை எல்லாவற்றுக்கும் இந்த வரிசைதான். பிறகு அடிப்பாகத்தைப் பிடித்து 35 பிட். ஆழம் 30 வேண்டுமென்றால் 27-ல் நிறுத்துங்கள், ஏனென்றால் நடு முனை விளிம்பை விட மூன்று நான்கு மி.மீ. முன்னால் குத்திக்கொண்டு போகும். அந்தக் குத்துக் குழி மறையுமளவுக்கு அடியை ஸ்கிரேப்பரால் சுரண்டிவிடுங்கள். கடைசியாக வாயைச் சுற்றிக் கழுத்தை 40-க்குக் கடைந்து மூடியை மாட்டிப் பாருங்கள். சுவர் இரண்டரை மி.மீ. நிற்கும். உப்புத்தாளைக் கழுத்தில் தொட வேண்டாம், வட்டம் கெடும். உளியிலேயே முடியுங்கள். உள்ளே எண்ணெயோ வார்னிஷோ தடவாதீர்கள், குங்குமம் கட்டி கட்டியாக ஒட்டும். வெளியே தேன்மெழுகு போதும்.

மரவைக்கு வருவோம். 130 மி.மீ. பூவரசு, 110 உயரம், அடியில் நன்றாகத் தடித்த முளை. 50 பிட்டை 85 ஆழத்துக்கு இறக்குங்கள். தண்டில் கலர் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதன் பிறகு பிட்டுக்கு வேலையில்லை. உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட்டை வாய்க்குக் குறுக்காக, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். தலைப்பக்கக் கட்டையில் உளி துளையிலிருந்து விளிம்பை நோக்கி வெட்ட வேண்டும், அதுதான் நார் படிகிற திசை. நார் குறுக்காக ஓடுகிற கட்டையில் கிண்ணம் கடைகிறவர்கள் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் நார் பிய்த்துக்கொண்டு வரும்.

உருண்ட முனை ஸ்கிரேப்பராக இருந்தால் அதன் கூர் நடுக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருக்கட்டும், கைப்பிடி கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். உள்சுவரில் உளி மாட்டிக்கொண்டால் அது கீழ்நோக்கித்தான் இழுபடும். குழி அகன்ற நடுக்கோட்டுப் பக்கம் இறங்குவதால் தானாகவே மரத்தை விட்டு விலகிவிடும். நடுக்கோட்டுக்குக் கீழே வைத்திருந்தால் மாட்டியது இன்னும் ஆழமாக ஏறும். ரெஸ்ட்டுக்கு அப்பால் உளி நீள நீளக் கை தாங்க வேண்டிய பாரம் கூடும். அதனால் உள்ளே போகப் போகத் தடித்த கம்பி உள்ள உளிக்கு மாறுங்கள். நான் 10 சென்டிமீட்டர் வரை 12 மி.மீ. கம்பி, அதற்கு மேல் 16 வைத்திருக்கிறேன். சுவர் கனத்தை ஒரே மூச்சில் மெல்லியதாக்காமல், வாயிலிருந்து மூன்று விரல்கடை ஆழம் வரை முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்கு இறங்க வேண்டும். கீழே மரம் தடித்து நிற்கிற வரைக்கும்தான் மேலே அதிராது.

கட்டை பச்சையாக இருந்தால் சுவரை 15 மி.மீ. விட்டுக் குடைந்து நிறுத்துங்கள். வாயிலும் அடியிலும் மெழுகு தடவி, கடைந்த சீவலோடு சாக்கில் கட்டி நிழலில் போடுங்கள். சித்திரை வெயிலில் பட்டறை வாசலில் வைத்தால் சாயந்திரத்துக்குள் வாய் பிளந்துவிடும். காய்ந்து கோணிய பிறகு முளையை மறுபடி வட்டமாக்கிப் பிடித்துக் கடைசிக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியில் நடுச்சோறு மிஞ்சியிருந்தால் அதே நேரத்தில் 25 பிட்டால் அடிவரை துளைத்து எடுத்துவிட்டு, குறுக்கு நார் விழுகிற மாதிரி அதே மரத்தில் ஒரு வில்லை கடைந்து ஃபெவிகால் போட்டு அடைத்துவிடுங்கள்.

மூடி போட்ட எந்தச் சாமானையும் கோடையில் இறுக்கிப் பொருத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுத்து ஊதி, மூடி அசையாது. கோடையில் விரல் தட்டினால் மூடி சுழல வேண்டும். மழைக்காலத்தில் கடைந்தால் கொஞ்சம் இறுக்கமாகவே விடலாம்.

பிட் தீட்டுவது பற்றி ஒன்றே ஒன்று. விளிம்பின் வெளிப்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள், தொட்டால் அளவு குறையும், பிட் துளையில் இறுகும். பற்களின் உள்பக்கச் சரிவிலும், நடுவில் மரத்தைத் தோண்டித் தூக்குகிற இரண்டு வெட்டிகளின் மேல்முகத்திலும் மட்டும் மெல்லிய டைமண்ட் அட்டையை நாலைந்து தடவை ஓட்டுங்கள். இரண்டு வெட்டிக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்று உயர்ந்துவிட்டால் அது மட்டும்தான் வெட்டும், மற்றது சும்மா சுற்றும். பூவரசு என்றால் ஒரு நாள் வேலைக்கு ஒரு தீட்டல் போதும், புளி என்றால் இரண்டு துளைக்கு ஒரு தடவை.